ஓய்வுக்குப் போகிற ஸ்கூபா: எட்டு நாளுக்கு எந்தக் கடல்?

கேள்வி: 2025 மே 4, காலை

வயது 51, கோயம்புத்தூர். போன ஆண்டு புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவது, நான்கு நாள் பயிற்சி முடித்து, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்கிற அட்டை வாங்கிவிட்டேன். பயிற்சியையும் சேர்த்து இதுவரை 9 முறை முங்கியிருக்கிறேன். எட்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மனைவி முங்க மாட்டார், நீச்சலும் தெரியாது. இருவரும் சைவம். அலுவலகத்தை மறந்து ஓய்வெடுக்க வேண்டும், நடுவே நாலைந்து முறை கடலுக்குள்ளும் போக வேண்டும். மாலத்தீவு என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஓய்வு என்றால் அதைவிட வேறு இடம் உண்டா என்ன?

மே 4, இரவு

உண்டு. அந்தமான் போங்கள். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேர விமானம், பிறகு படகில் ஹேவ்லாக். 2018இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், என் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான் வருகிறது. விமானம் இறங்கும் ஊரில் தமிழ் பேசியே பாதிக் காரியம் முடிந்துவிடும். மனைவிக்கு ராதாநகர் கடற்கரை. வேறென்ன?

மே 5

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் மாலத்தீவை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். காரணம் சொல்லாமல் தள்ளுவது நியாயமில்லை.

2019இல் தெற்கு ஆரிப் பவழத்தீவுக் கூட்டத்தில் ஆறு நாள் இருந்தோம், நானும் வீட்டுக்காரரும். அவர் முங்க மாட்டார். நான் 44 வயதில் கற்றுக்கொண்டவள், இப்போது 56, முங்கியதை எழுதும் குறிப்பேட்டில் நூற்று நாற்பது முறைக்குச் சற்று மேல் ஆகியிருக்கிறது. இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை, அப்படி இருந்தும் அங்கே திணறினேன் என்பதற்காக.

அந்தக் கடலின் அமைப்பே அப்படி. வட்டமாக மதில் கட்டிய பெரிய குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதில் என்பது பவழப் பாறை, நம் மீனவர்கள் பார் என்பார்களே, அதுதான். மதிலில் அங்கங்கே வாசல்கள். பெருங்கடலின் தண்ணீர் முழுவதும் அந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். வாசலை அவர்கள் 'கண்டு' என்கிறார்கள், உள்ளே மூழ்கியிருக்கும் குன்றைத் 'திலா' என்கிறார்கள். சுறாக்கள் கண்டுவில்தான் நிற்கும், நீரோட்டம் அங்கேதான் பாயும். நீங்கள் சுறாவைப் பார்க்க வேண்டுமானால் அதே ஓட்டத்தில், வாசல் விளிம்பில், செத்த பாறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காற்றில் கட்டிய துணிபோலப் பறந்துகொண்டு நிற்க வேண்டும். நின்றேன். ஏழு சுறாக்கள் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் போயின. அற்புதம்தான். மேலே வந்தபோது விரல் நுனிகள் கிழிந்திருந்தன, காற்று வேகமாகத் தீர்ந்திருந்தது, அன்று மத்தியானம் தோள் வலியில் தூக்கமும் வரவில்லை. இதற்கு இன்பம் என்று பெயர் வைக்கலாம், ஓய்வு என்று வைக்க முடியாது. 9 முறை முங்கியவரை நல்ல வழிகாட்டி அங்கே அழைத்துப் போகவும் மாட்டார்.

தங்கிய இடம் ஊர்மக்கள் வாழும் தீவு, விடுதி வாடகை குறைவு. அங்கெல்லாம் மதுவுக்குத் தடை, அது எங்களுக்குப் பொருட்டில்லை. ஆனால் தீவு சின்னது. வீட்டுக்காரர் முதல் நாளே முழுத் தீவையும் சுற்றி வந்துவிட்டார். ஆறு நாளில் பதினொரு சுற்று. எண்ணி வைத்திருக்கிறார், இன்றும் சபையில் சொல்வார். சைவம் என்கிறீர்கள்: காலை உணவு மாஸ் ஹூனி, அதாவது தேங்காய்த் துருவலும் சூரை மீனும். மீனை நீக்கித் தரச் சொன்னால் தேங்காய்த் துருவலோடு ரொட்டி கிடைக்கும். ஒரு நாள் சரி, ஆறு நாள்?

தனியார் சொகுசுத் தீவுகள் வேறு கதை. அறைக் கதவைத் திறந்தால் பத்தடியில் தண்ணீர், தண்ணீருக்குள் இருபதடியில் பார். அது நிஜமான ஓய்வு, மறுக்க மாட்டேன். வாடகைச் சீட்டைப் பார்க்கும்வரை.

மே 6

ஹேவ்லாக்கில் மணல் ஈ உண்டு. சொல்ல மறந்துவிட்டேன். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்வார்கள், ஈ சாகாது, வழுக்கிவிடும் என்பது நம்பிக்கை.

மே 9

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்று இன்றுதான் சொல்கிறீர்கள். நானும் மாதத்தைக் கேட்காமலே ஊரைச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. மே 4இல் எழுதியதை அடித்துவிடுங்கள், மணல் ஈயையும் சேர்த்து.

கடலோரத்தில் பிறந்தவர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். அவர்களுக்குக் கடல் என்று ஒன்று தனியாக இல்லை, வடகிழக்கிலிருந்து வாடை வீசும் கடல், தெற்கிலிருந்து சோழகம் வீசும் கடல் என்றுதான் இருக்கிறது. ஆகஸ்ட் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று. அந்தமானில் அப்போது மழை, கடலும் கொந்தளிப்பு, தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் எப்போது நிறுத்தப்படும் என்று சொல்ல முடியாது. பையோடு படகுத்துறையில் உட்கார்ந்திருப்பதற்கு விடுப்பு எடுப்பானேன்? ஜனவரி முதல் ஏப்ரல் வரை கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்காது.

மாலத்தீவுக்கும் இதுவே மழைப் பருவம். ஆனால் ஒரு விந்தை: தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நுண்ணுயிர்கள் கிழக்கு விளிம்புகளில் குவிகின்றன, அதைத் தின்ன மாந்தா என்கிற பெரிய கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. பா பவழத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபரு விரிகுடா இதற்குப் பெயர்போனது. அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும்தான். அட்டை வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் அங்கே ஒரே மரியாதை.

ஆகஸ்டில் நன்றாக இருக்கும் வெப்பக் கடல்கள் என்று என் கைக்கு எட்டுவன இரண்டு: இலங்கையின் கிழக்குக் கரை, பாலியின் வடகிழக்குக் கரை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், இன்று கணக்கு முடிக்க வேண்டும்.

மே 10

திருகோணமலை. இலங்கையில் கடல் இரண்டாகப் பிரிந்து வேலை செய்கிறது. வாடை வீசும் மாதங்களில் மேற்கே ஹிக்கடுவ, சோழகம் வீசும் மாதங்களில் கிழக்கே திருகோணமலை. மலைகள் நடுவில் நின்று காற்றைத் தடுத்துக்கொள்கின்றன. ஆகஸ்டில் கிழக்கே காலைக் கடல் பெரும்பாலும் படிந்திருக்கும். மத்தியானம் கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பிவிட்டால் அலை நறுக்கு நறுக்கென்று வரும். அதனால் காலையில் முங்கு, மத்தியானம் உறங்கு என்பதைக் காற்றே தீர்மானித்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கும்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம், இன்று கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் முழங்கால் ஆழத்தில் சுற்றுகின்றன. கூட்டம் தாங்காது என்பதுதான் குறை. பவழத்தின் மேல் நின்றுகொண்டு படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும். ஓய்வு தேடுகிறவர் அங்கே முதல் படகில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

கோணேசர் கோயில் நிற்கும் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்தார்கள். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு முங்கும் மைக் வில்சனும் பாறையடியில் முங்கி, இடிபாட்டுத் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். நான் அங்கே இறங்கியபோது 12 மீட்டருக்குள் சதுரமாக வெட்டிய கல் ஒன்றின் மேல் அஞ்சாலை என்கிற பாம்பு போன்ற மீன் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கல் கோயிலுடையதா, பாறைதான் அப்படிப் பிளந்திருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வழிகாட்டி கைகூப்பினார், நானும் கூப்பினேன். வாயில் காற்று தரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மனைவிக்குக் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ். மருந்துக்கடையில் காது வலி என்று தமிழில் சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை. சைவச் சாப்பாடு தேட வேண்டியதே இல்லை.

குறை: சாலைப் பயணம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர். இரவு இரயில் இருக்கிறது, காலையில் கண் விழிக்கும்போது முதுகு நாற்பதாகப் பிரிந்திருக்கும்.

மே 11

இதுவரை எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் நீ தண்ணீருக்குள் இருந்துகொண்டு எழுதியிருக்கிறாய். மேலே இருக்கிறவன் என்ன செய்வான் என்று ஒரு வரி இருக்கிறதா?" என்றார். கோயிலும் வெந்நீர்க் கிணறும் எழுதியிருக்கிறேனே என்றேன். அது ஒரு நாளைக்கு, மற்ற ஐந்து நாள் காலையிலும் அவன் உட்காருவது எங்கே என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சொல்வதால் அவர் கணக்கை அப்படியே தருகிறேன். முங்குகிறவர் படகில் போனால் காலை ஏழரைக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புகிறார். ஐந்தரை மணி நேரம். அதில் தண்ணீருக்குள் இருப்பது ஐம்பது ஐம்பது நிமிடமாக இரண்டு முறை. கரையில் இருப்பவருக்கு ஐந்தரை மணி நேரமும் கவலை. கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடமாக இருந்தால் முக்கால் மணியில் தலை மேலே தெரிகிறது. நடுவே ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். நிழல் தரும் மரம், முதுகு சாய நாற்காலி, கழிவறை. இந்த மூன்றும் கடலை ஒட்டி இருக்க வேண்டும். மீன் எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லையாம்.

யோசித்துப் பார்த்தால், நான் நன்றாக ஓய்ந்து திரும்பிய பயணங்கள் எல்லாம் அவர் நன்றாக உட்கார்ந்திருந்த பயணங்கள்தான். படுக்கையிலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி, எத்தனை வண்டி, எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள். மீன் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். இந்தக் கணக்கில் திருகோணமலை நடுவாந்தரம், ஏனென்றால் அங்கே முங்குவதெல்லாம் பெரும்பாலும் படகில்தான்.

மே 14

இப்போது பாலி. குத்தா, செமின்யாக் என்று நெரிசலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதெல்லாம் தெற்கு. நான் சொல்வது வடகிழக்கு மூலையில் துலாம்பென், அதற்குப் பக்கத்தில் அமெட். விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாற வேண்டும், ஆகவே போகிற நாள் ஒன்று, வருகிற நாள் ஒன்று கழிந்துவிடும். எட்டில் ஆறு மிச்சம்.

ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் வண்டியே வேண்டாம். துலாம்பென் கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் ஒரு கப்பல் கிடக்கிறது. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று லோம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கி அதைத் தாக்கியது. இழுத்துக்கொண்டு போகும் வழியில் தாங்காது என்று தெரிந்து, சரக்கைக் காப்பாற்ற இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963இல் பின்னால் நிற்கும் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் குலுங்கி, கப்பல் சறுக்கிக் கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு எரிமலை நமக்காக வேலை செய்து, சரியான ஆழத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது: மேல்பகுதி ஐந்தாறு மீட்டரில், அடிப்பகுதி முப்பதுக்கு அருகில். 18 மீட்டர் அட்டை வைத்திருப்பவர் மூன்று நாள் பார்த்தாலும் தீராது. இடிபாட்டுக்குள்ளே நுழைய வேண்டாம், வெளியே சுற்றினாலே போதும்.

ஒரே நிபந்தனை: அந்த ஊரிலேயே தங்க வேண்டும். தெற்கிலிருந்து வண்டிகள் பத்து மணி வாக்கில் வந்து கொட்டும், அதற்குப் பின் கப்பலைச் சுற்றி மீனைவிடக் கால்கள்தான் அதிகம் தெரியும். நான் ஆறே முக்காலுக்கு இறங்கினேன். ஆள் இல்லை. கப்பலின் நிழலில் முட்டுத்தலைக் கிளிமீன்கள், ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு, அப்போதுதான் தூக்கம் கலைந்து சோம்பலாக நகர்ந்தன. பாத்திரம் தேய்க்க எழுந்தவர்கள் போல முகம்.

சிலிண்டரை நீங்கள் தூக்க வேண்டாம். ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து வருகிறார்கள். காற்றோடு சேர்த்து ஒன்று பதினாறு, பதினேழு கிலோ இருக்கும். சிலர் இரண்டு தூக்குகிறார்கள். என் வயதைத் தாண்டிய ஒருத்தி அப்படிப் போவதைப் பார்த்து, கூச்சத்தில் முதல் நாள் என்னுடையதை நானே தூக்கினேன். மறுநாள் அவர் வந்து சைகையில் ஏதோ கேட்டார்: நீ தூக்கினால் எனக்குக் கூலி யார் தருவது என்பதுதான் பொருள் என்று வழிகாட்டி சொன்னார். கூச்சம் விட்டது.

சைவத்துக்குப் புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பே, சோயாப் பனீரான டோஃபு, வேகவைத்த காய்கறியில் நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய காடோ காடோ. சம்பல் கேட்கும்போது மட்டும் கவனம், பெரும்பாலும் தெராசி என்கிற இறால் விழுது அதில் கலந்திருக்கும். வீட்டுக்காரருக்கு மரம், நாற்காலி, கழிவறை மூன்றும் கிடைத்தன. அவர் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ஒன்று குறைந்தது காபிக்கு: தூளை வடிகட்டாமல் தம்ளரிலேயே விடுகிறார்கள்.

மே 15

நேற்று எழுதியதில் கூழாங்கல்லை விட்டுவிட்டேன். துலாம்பெனில் மணல் கிடையாது. எரிமலை தந்த கருங்கற்கள், தேங்காய் அளவு, காலடியில் உருளும். முப்பது கிலோவைக் கட்டிக்கொண்டு அதன் மேல் நடந்து அலைக்குள் இறங்குவது அந்த ஊரின் ஒரே கஷ்டமான பகுதி. நான் ஒரு தடவை விழுந்தேன். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் குப்புற மிதந்துவிடுங்கள், நடக்காதீர்கள். தடித்த அடியுள்ள காலணி அவசியம். அமெடில் சில இடங்களில் கரிய மணல், அங்கே இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, இது சிரிப்பில்லை. பாலி போகிறவர்கள் எல்லாரும் திரும்பும் வழியில் கிந்தாமணி என்கிற மலையூருக்குப் போய் பத்தூர் எரிமலையைப் பார்ப்பார்கள். காலையில் முங்கிவிட்டு அங்கே ஏறக் கூடாது. அந்த விளிம்பு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். முங்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் மேலே போனால் அது உடம்புக்குள் குமிழியாகி ஆபத்தாகும், விமானத்தில் ஏறுவது போலத்தான். மலைக்கு அந்த விதி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நானே ஒரு தடவை கார், டிக்கெட் எல்லாம் பேசி முடித்த பின்தான் நினைவு வந்து நிறுத்தினேன். ஆகுங் சரிவில் இருக்கும் பெசாகி கோயிலுக்கும் இதே கணக்கு. இலங்கையிலும் அப்படித்தான்: திருகோணமலையில் முங்கிய கையோடு நுவரெலியா போவேன் என்பவர்கள் உண்டு, அது 1868 மீட்டர். முதலில் மலை, பிறகு கடல் என்று வரிசையை மாற்றினால் போதும்.

முங்கிய பின் விமானம் ஏறும் முன் காத்திருக்கப் பொதுவாகச் சொல்லும் அளவு: ஒரே ஒரு முறை முங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை என்றால் குறைந்தது 18. நான் 24 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் ஆறு நாளில் கடைசி நாள் கடல் இல்லை. மலையையும் தள்ளிவிட்டால் அந்த நாளில் செய்ய ஒன்றுமே இருக்காது. அதற்குத்தானே போகிறீர்கள்?

மே 17

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதாகப் போகிற போக்கில் சொன்னீர்கள். முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. முங்கும் முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. அதில் 'ஆம்' விழுந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் பொறுப்பான ஆள் யாரும் தண்ணீரில் இறக்க மாட்டார். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துத் தாளை வாங்கிப் பையில் வையுங்கள். அங்கே போய் 'இல்லை' என்று குறி போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மிக மோசமான விடுமுறை அதனால் வந்தது. 2016இல் ஹேவ்லாக் போனபோது மூக்கடைப்பு. வந்த காசு வீணாகக் கூடாது என்று மூக்கடைப்பு மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு இறங்கினேன். போகும்போது காது திறந்தது. மாத்திரையின் வீரியம் தண்ணீருக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. மேலே வரும்போது காதுக்குள் விரிந்த காற்றுக்கு வழி இல்லை. வலித்த வலியைச் சொல்ல வார்த்தை இல்லை. 4 மீட்டரில் நின்று ஏறுவதும் இறங்குவதுமாகப் பத்து நிமிடம் போராடினேன். படகில் அன்று யாருக்கும் ஓய்வு இல்லை. மூன்று நாள் அறையில் கிடந்து, கூரையில் பல்லிகளை எண்ணினேன்.

அழுத்தம் முதல் 10 மீட்டரிலேயே இரட்டிப்பாகிவிடுகிறது. காதுக்குச் சோதனை முழுவதும் அந்த மேல்பகுதியில்தான். ஆழம் குறைவு, ஆகவே ஆபத்து குறைவு என்று நினைப்பது காது விஷயத்தில் செல்லாது. கரையிலிருந்து சாய்வாக இறங்கும் இடம் இதற்கும் நல்லது: ஒவ்வோர் அடியாக, கேட்டுக் கேட்டு இறங்கலாம். படகிலிருந்து குதித்துக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது பின்னால் வருகிறவர் காலில் மாட்டியிருக்கும் ஃபின் என்கிற துடுப்பு தலையில் இடிக்கும்.

மே 21

வேறு இடங்களையும் கேட்டிருக்கிறீர்கள். தாய்லாந்தின் கோ தாவ் தீவு? கற்றுக்கொள்ளப் போகும் இளைஞர்களின் ஊர், இரவில் இசை ஓயாது, நீங்கள் கேட்ட ஓய்வு அது இல்லை. மலேசியாவின் சிபடான் தீவு? ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறார்கள், அனுபவமும் கேட்பார்கள், சில ஆண்டு கழித்துப் பாருங்கள். இலட்சத்தீவு? அழகு, ஆனால் ஆகஸ்டில் அங்கேயும் தென்மேற்குக் காற்று, நுழைவு அனுமதி வேறு வாங்க வேண்டும். மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறதே என்றீர்கள். அது 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா, நினைத்தபடி போய் முங்குவதற்கில்லை. அந்தக் கரையில் சங்குக்குளி செய்தவர்கள் சிலிண்டர் இல்லாமல், இடுப்பில் கயிறோடு, ஒரே மூச்சில் போய் வந்தார்கள். அவர்களிடம் போய் ஓய்வுக்காக முங்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 2

பாலி என்று முடிவு, மகிழ்ச்சி. ஆனால் நடுவில் இரண்டு நாள் பாலிக்குப் பக்கத்துத் தீவான நூசா பெனிடா போய் மோலா மோலா என்கிற பெருஞ்சூரிய மீனைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, இதுவரை எழுதியது எல்லாம் யாருக்கு?

ஆமாம், ஜூலை முதல் அக்டோபர் வரை அது வரும் காலம்தான். ஏன் வருகிறது? ஆழத்துக் குளிர்நீர் மேலே பொங்கி வருவதால். அந்த நீர் சில நாள் 20 டிகிரிக்கும் கீழே போகும். மெல்லிய உடையோடு நின்றால் பல் கிட்டும். நீரோட்டமோ மேலேயும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். மீன் தென்படுவது பெரும்பாலும் உங்கள் 18 மீட்டருக்குக் கீழே. இதோடு விடுதி மாற்றம், படகு, மறுபடி படகு, மறுபடி கார். நான் எண்ணிப் பார்த்தேன்: பெனிடாவைச் சேர்த்தால் எட்டு நாளில் உங்கள் பெட்டியை ஆறு முறை கட்டிப் பிரிக்க வேண்டும். விட்டால் இரண்டு.

நானும் போனேன், மோலாவைப் பார்க்கவில்லை. நடுங்கியதுதான் நினைவிருக்கிறது. பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 15

படங்களை அனுப்பி, பவழம் இப்படிச் சிவப்பாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். பத்து மீட்டருக்குக் கீழே எல்லாம் நீலமும் சாம்பலும். படம் எடுத்தவர் விளக்கு போட்டிருக்கிறார். ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள், சாம்பல் கிளையில் வெளிச்சம் பட்டதும் குங்குமம் கொட்டியது போலாகும்.

வெளுத்த பவழமும் பார்ப்பீர்கள். 1998இல் மாலத்தீவு, 2010இல் அந்தமான் என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் பெரும் பரப்பு செத்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெருவெளுப்பு என்று அறிவித்தார்கள். நான் முதலில் ஹேவ்லாக்கைத் தூக்கிப் பேசியபோது இதைச் சொல்லவில்லை. பத்தாண்டு முன் நான் பார்த்ததைத்தான் இன்னும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் போலிருக்கிறது. பழைய கப்பல் ஒன்றை உங்களுக்குச் சிபாரிசு செய்ததில் இந்த எண்ணமும் ஓரளவு கலந்திருக்கிறது. இரும்பு வெளுப்பதில்லை.

ஆகஸ்ட் 24

கேள்வி கேட்ட கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வந்து நீளமாக எழுதியிருக்கிறார். பெனிடா போகவில்லை. ஆறு இரவும் ஒரே அறை. ஐந்து முறை முங்கத் திட்டம், நான்குதான் நடந்தது: ஐந்தாவது நாள் காலை எழுந்திருக்கவில்லை, வழிகாட்டி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். கூழாங்கல்லில் இரண்டு முறை விழுந்தாராம், காலணி வாங்கியும். மனைவி, சிலிண்டர் சுமக்கும் பெண்களோடு தினமும் மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு நாள் தலையில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, நால்வர் சேர்ந்து ஏற்றிவிட்டு, இரண்டடி வைத்ததும் எல்லாரும் சிரித்து இறக்கிவிட்டார்களாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் முகமூடியைப் போட்டுக் குனிந்து நீல நிற நட்சத்திர மீன் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கணவர் கடலுக்கடியில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினால் இவர் அந்த நட்சத்திர மீனைச் சொல்கிறாராம்.

அடுத்து திருகோணமலை, ஏப்ரலில் போகலாமா என்று கேட்கிறார். அவருக்கு என் பதில்: ஏப்ரல் நடுவில் அங்கே புத்தாண்டு விடுமுறை, அறை கிடைப்பது கடினம். மே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரயில் வேண்டாம், கொழும்பில் ஓர் இரவு தங்கிக் காலையில் காரில் கிளம்புங்கள். கன்னியாவுக்கு விடியற்காலையிலேயே போய்விடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டம்மாவை, பிறகு வாளிக்கு வரிசை நிற்க வேண்டும்.